மனக்கண்ணில் நுரைக்கும் கிளாஸ்

உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்த் துண்டு ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள். வெட்டிய பக்கத்தில் உப்பு கரைந்து நீர் விட்டிருக்கிறது. கடித்தால் நறுக்கென்று ஒரு சத்தம். இந்நேரம் நாக்கில் எச்சில் ஊறியிருக்கும்.

இப்போது இன்னொரு வேலை. சிறுவயதில் வளர்ந்த வீட்டின் வாசலில் போய் நில்லுங்கள். உள்ளே நுழைந்து, அறை அறையாக நடந்து, மொத்தம் எத்தனை ஜன்னல்கள் என்று எண்ணுங்கள். அடுப்படி, கொல்லைப்புறம் எதையும் விடாதீர்கள்.

எண்ணி முடித்தபின் மாங்காயைத் தேடினால் அது கொஞ்சம் வெளிறிப் போயிருக்கும். மனக்கண்ணின் இந்தச் சின்ன பலவீனத்தை வைத்துத்தான், மது குடிக்கத் தோன்றும் தவிப்பைச் சில நிமிடங்களில் தணிக்க முடியுமா என்று உளவியலாளர்கள் பார்த்துவருகிறார்கள்.

பின்னாளில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜாக்கி ஆண்ட்ரேட், ஜான் மே, ஆஸ்திரேலியாவின் டேவிட் கவனா ஆகிய மூவரும் 2005இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். அதன்படி ஆசை இரண்டு கட்டமாக வருகிறது. முதலில் ஒரு நினைப்பு தானாகத் தலைகாட்டும். நண்பனின் மெசேஜ், வேலை முடிந்த அலுப்பு, வழியில் கண்ணில் பட்ட கடை என்று எது வேண்டுமானாலும் அதைக் கிளப்பிவிடலாம். அது நம் கட்டுப்பாட்டில் இல்லை. அதற்காகக் குற்ற உணர்ச்சி கொள்ளவும் வேண்டாம். பெரும்பாலும் வந்த வழியே போய்விடும்.

போகாமல் நின்றுவிட்டால்தான் சிக்கல். மனம் அதற்குக் கைகால் வரையத் தொடங்குகிறது. நீர்த்துளி வழியும் பாட்டில், கிளாஸின் விளிம்பு வரை ஏறும் நுரை, தொண்டையில் இறங்கும் எரிச்சல், சுற்றிலும் சிரிக்கும் முகங்கள். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான். படம் துலங்கத் துலங்க ஒரு கணம் இனிக்கும்; மறுகணமே கையில் கிளாஸ் இல்லை என்பது உறைக்கும். அந்த உறைப்பைத் தணிக்க மனம் மறுபடி படத்துக்கே போகும். இந்தச் சுற்றுதான் தவிப்பு.

அந்தப் படம் எங்கே வரையப்படுகிறது? 1974இல் உளவியலாளர்கள் ஆலன் பேடலியும் கிரஹாம் ஹிட்சும் முன்வைத்த செயல்பாட்டு நினைவு என்ற கருத்து இங்கே கைகொடுக்கிறது. கண்ணால் கண்டதையும் கற்பனையில் காண்பதையும் சற்று நேரம் பிடித்துவைத்துக்கொள்ள மூளையில் ஒரு சிலேட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சின்ன சிலேட்டு. நுணுக்கமான இரண்டு படங்களை ஒரே நேரத்தில் அதில் தெளிவாக வரைய இடம் போதாது.

பிளிமத் குழு இதைச் சோதிக்க எடுத்துக்கொண்டது டெட்ரிஸ் விளையாட்டை. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பித் திருப்பி இடைவெளியில் பொருத்த வேண்டும். அடுத்த கட்டம் எந்தப் பக்கம் திரும்பினால் எங்கே உட்காரும் என்று மனக்கண்ணில் முன்கூட்டியே சுழற்றிப் பார்க்காமல் ஆட முடியாது. சிலேட்டு முழுவதையும் அது பிடித்துக்கொள்கிறது.

2015இல் வெளியான அவர்களின் ஆய்வில் 18 முதல் 27 வயது வரையான 31 மாணவர்கள் ஒரு வாரம் பங்கேற்றார்கள். நாளுக்கு 7 முறை குறுஞ்செய்தி வரும்: இப்போது எதற்காவது ஏங்குகிறீர்களா, எவ்வளவு? ஒரு பகுதியினர் பதில் சொன்னபின் 3 நிமிடம் டெட்ரிஸ் ஆடிவிட்டு, மறுபடி அளவைச் சொன்னார்கள். ஏக்கத்தின் வலு சராசரியாக 70 சதவீதத்திலிருந்து 56 சதவீதமாக இறங்கியது. ஆடி ஆடிப் பழகியபின்னும் பலன் குறையவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெறும் புதுமையின் கவர்ச்சி என்றால் இரண்டு நாளில் சலித்திருக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதிவான ஏக்கங்களில் பெரும்பாலானவை உணவும் மது கலக்காத பானங்களும். பீர், ஒயின், சிகரெட், காபி எல்லாம் சேர்ந்தே 21 சதவீதம்தான். மதுவுக்கென்று தனியாக இதைப் பெரிய சான்றாகத் தூக்கிப் பிடிக்க முடியாது. 56 என்பதும் பூஜ்யம் ஆகிவிடாது; ஆசை இருக்கும், பிடி தளர்ந்திருக்கும். "இன்னைக்கு வேணாம்டா" என்று சொல்ல அந்தத் தளர்வு போதுமானதாக இருக்கலாம்.

"நினைக்கவே கூடாது" என்று மல்லுக்கட்டுவது ஏன் பலிப்பதில்லை? குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்ற கதை நமக்குத் தெரியும். 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்துப் பரிசோதித்தார். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது. சிலேட்டை வெறுமையாக வைக்கச் சொல்வதைவிட, அதில் வேறு படம் வரைவது எளிது.

எல்லா வேலையும் இதற்கு உதவிவிடாது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் உணவு ஆசையை வைத்துச் செய்த சோதனைகளில், ஒலிகளைக் கற்பனை செய்தபோது கிடைத்ததைவிடக் காட்சிகளைக் கற்பனை செய்தபோது ஏக்கம் அதிகம் குறைந்தது. காட்சிக்குக் காட்சிதான் போட்டி. பாட்டுக் கேட்டு மறந்துவிடலாம் என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் வேறொரு காட்சியைக் கற்றுக்கொடுத்தார். தவிப்பை ஒரு கடலலையாகப் பார்ப்பது. அது எழும்பும், உச்சிக்கு வரும், உடையும்; அதன் மீது மிதந்தபடி இறங்குவது மட்டுமே நம் வேலை.

இவை எல்லாம் அவ்வப்போது குடிப்பவர்களுக்கு, குறைக்க நினைக்கும் இளைஞர்களுக்கு. காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் விளையாட்டை நம்பித் திடீரென நிறுத்தவே கூடாது. வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே மருத்துவர்தான் வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண்ணைத் தமிழிலேயே பேச எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.

மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மாலை வரும்வரை காத்திருக்காமல் இன்றே ஒருமுறை பழகிப் பார்க்கலாம். போன்கூடத் தேவையில்லை. அந்தப் பழைய வீட்டின் ஜன்னல்களில் எதற்குக் கம்பி, எதற்குக் கொசுவலை, எந்தக் கதவின் கொக்கி கழன்று தொங்கியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.