வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஓடாதீர்கள்

போன கிழமை என் சிகிச்சை அறைக்கு ஓர் அண்ணை வந்தார். வயது 46. கிளிநொச்சிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை. இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து கதிரையில் இருந்தார். "மிஸ், சின்னச் சுளுக்கு ஒண்டு. அஞ்சு கிழமையாகியும் மாறுதில்லை" என்றார். எப்படி வந்தது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும். அலுவலக விளையாட்டு விழா. 40 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான 100 மீற்றர் ஓட்டம். "பாதித் தூரம் போகேக்க ஆரோ பின்னால குதிக்காலில உதைஞ்ச மாதிரி இருந்தது மிஸ். திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்லை."

குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலைப் பிடித்து அமத்தினேன். வலது பாதம் அசைந்தது. இடது பாதம் அப்படியே கிடந்தது. குதிநாண், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கிற நாண், அறுந்திருக்கிறது. இந்த வருடம் விளையாட்டு விழாவில் இருந்து என்னிடம் வந்த மூன்றாவது குதிநாண் இது. பின்தொடைத் தசை கிழிந்தவர்கள், கயிறிழுத்து முதுகு பிடித்தவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. இனியும் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து கிழமையும் இவர் சும்மா இருக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்திருக்கிறார், முறிவு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நாண் தெரியாது. அப்புறம் எண்ணெய் போட்டுத் தடவி, துணி சுற்றி, ஒரு மாதம் நடந்து திரிந்திருக்கிறார். குதிநாண் அறுந்தவரால் நடக்க முடியும் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஏமாற்றம். பாதத்தைக் கீழே அழுத்த வேறு சிறு தசைகளும் இருப்பதால், "நடக்கிறேன்தானே, அப்ப பெரிசா ஒண்டுமில்லை" என்று ஆள் நம்பிவிடுவார். முதல் சில நாட்களில் வந்திருந்தால் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டி, சத்திரசிகிச்சை இல்லாமலேயே பார்த்திருக்கக்கூடும். இப்போது அறுந்த முனைகள் விலகிச் சுருங்கிவிட்டன.

சரி, இனி என்னை உண்மையில் கோபப்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஏன் ஓடினீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்னது: "நான் பள்ளிக்கூடத்தில மாகாணம் வரைக்கும் ஓடினவன் மிஸ். உடம்பு மறக்காது."

உடம்பு மறக்கும். தயவுசெய்து இதை நம்புங்கள். வன்னியில் இந்த வார்த்தையை நான் கேட்காத மாதம் இல்லை. "சின்ன வயசில வயலுக்க நிண்டனான்", "சைக்கிளிலதான் முல்லைத்தீவுக்குப் போய் வந்தனான்", "இடம்பெயர்ந்து எவ்வளவு தூரம் நடந்த கால் இது, 100 மீற்றர் என்ன பெரிய தூரமே?" கடைசியாகச் சொன்னதைக் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லவே மனம் வராது. 2009இல் பிள்ளையையும் மூட்டையையும் சுமந்துகொண்டு நடந்தவர்களிடம் உங்கள் காலில் பலம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு இருந்த பலம் அன்றைய உடம்பின் பலம். உடற்தகுதியை வங்கியில் போட்டு வைத்து, வேண்டிய நாளில் எடுக்க முடியாது. நன்றாகப் பயிற்சி செய்தவர்கூட நிறுத்தினால், சில கிழமைகளிலேயே மூச்சுத் திறன் குறையத் தொடங்கும். தசையும் இளைக்கும். திரும்பத் தொடங்கினால் தசை ஓரளவு விரைவாகத் தேறும். நாண் தேற மாதக்கணக்கு எடுக்கும். அதனால் ஒரு கிழமை மட்டும் "பிராக்டிஸ்" பண்ணிவிட்டு ஓடுகிறவரும் ஆபத்தில்தான் இருக்கிறார். தசை இழுக்கப் பார்க்கும், நாண் தாங்கத் தயாராகி இருக்காது. வேகமாக ஓடும்போது குதிநாணில் விழும் சுமை உடல் எடையின் 6 முதல் 8 மடங்கு. அது அறுகிற இடம் குதிக்கு இரண்டு மூன்று விரல் அகலம் மேலே. இரத்த ஓட்டம் குறைந்த இடம். 30க்கும் 50க்கும் இடைப்பட்ட வயது, வருடம் முழுக்கக் கதிரை, ஒரு நாள் ஓட்டம்: இப்படி அறுந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த வகைதான். (சிப்ரோபுளொக்சசின் போன்ற அன்டிபயோட்டிக் குளிசை அண்மையில் எடுத்தவர்களுக்கு நாண் இன்னும் இலகுவாக அறும். எங்களிடம் வந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.)

இவரைப் போன்ற ஒருவருடைய ஒரு நாளைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வீடு. விடிய 5 மணிக்கு எழும்பி, பஸ்ஸிலோ ரெயிலிலோ 65 கிலோமீற்றர் தாண்டிக் கிளிநொச்சி. முல்லைத்தீவில் வேலை என்றால் 100க்கும் மேல். போகவும் வரவும் இருக்கை, இடையில் கந்தோர்க் கதிரை. மாலை 4.15க்கு இயந்திரத்தில் விரலை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவதுதான் அன்றைய ஒரே ஓட்டம். இவருக்கு வருடம் ஒரு முறை நலன்புரிச் சங்கம் ரீ சேர்ட்டும் தொப்பியும் கொடுத்து மைதானத்தில் இறக்கிவிடுகிறது. பின்னேரம் பரிசளிப்பு. கோப்பில் "ஊழியர் உடல்நலத் திட்டம் நடத்தப்பட்டது" என்று எழுதி மூடிவிடுகிறார்கள்.

அது உடல்நலத் திட்டம் இல்லை. விளையாட்டு விழா நல்ல விஷயம்தான், சிரிப்பும் ஒற்றுமையும் வேண்டும். ஆனால் ஊழியருடைய உடல்நலம் தீர்மானிக்கப்படுவது மற்ற நாட்களில். இலங்கையில் நடக்கும் இறப்புகளில் 10இல் 8க்கு மேல் மாரடைப்பு, பாரிசவாதம், சலரோகம், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் வருகின்றன. அவை மைதானத்தில் தொடங்குவதில்லை. தேநீர்க் கோப்பையிலும் கதிரையிலும்தான் தொடங்குகின்றன.

தேநீரை எடுங்கள். காலையில் ஒன்று, 10 மணிக்கு ஒன்று, கூட்டத்தில் ஒன்று, 3 மணிக்கு ஒன்று. கோப்பைக்கு 3 கரண்டி சீனி போட்டால் 12 கரண்டி, கிட்டத்தட்ட 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. இதற்கு மேல் ரோல்ஸ், பற்றிஸ், கேக் துண்டு. அலுவலகத் தலைவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: கூட்டத்துக்குச் சீனி போடாத தேநீரைக் கொண்டுவரச் சொல்லுங்கள், சீனியைத் தனியாக வையுங்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். ரோல்ஸுக்குப் பதில் அவித்த கடலை, பயறு, கொய்யா, பப்பாசி, வாழைப்பழம் வையுங்கள். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது நாங்கள் எல்லாரும் வாங்குகிற கச்சான் இருக்கிறதே, அது கூட்ட மேசைக்கு வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? இதற்கு ஒரு சதமும் மேலதிகமாகச் செலவாகாது.

நடை. கிழமைக்கு 150 நிமிடம், அதாவது நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள். ஒரே தடவையில் நடக்க வேண்டும் என்றில்லை. மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு வளவுக்குள் 10 நிமிடம் நடந்தாலே இரத்தத்தில் சீனி ஏறுவது மட்டுப்படும். லிப்டை விட்டுப் படியேறுங்கள் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்து அலுவலகங்கள் பலவற்றில் மாடியே இல்லை. விடியக் குளக்கட்டில் நடங்கள் என்பார்கள், நகரத்தில் சரி. யானை நடமாடுகிற ஊர்களில் இருட்டோடு தனியே நடக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அலுவலக நேரத்துக்குப் பிறகு பயிற்சி வைத்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்கள் வர மாட்டார்கள். வீட்டில் அடுப்பு அவர்களுக்காகக் காத்திருக்கிறது. குடும்பத்தைத் தனியே சுமக்கிற பெண்கள் இங்கே எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் நடை அலுவலக நேரத்துக்குள் வர வேண்டும். பிரதம லிகிதரும் சேர்ந்து நடக்க வேண்டும். மேலதிகாரி கதிரையில் இருந்தால் மற்றவர்களும் எழும்ப மாட்டார்கள்.

ஆடைத் தொழிற்சாலைத் தங்கச்சிமார் "நாங்கள் நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிறம், எங்களுக்கு என்னத்துக்குப் பயிற்சி?" என்று கேட்பார்கள். ஒரே இடத்தில் நிற்பது நடை ஆகாது பிள்ளைகள். அதனால்தான் உங்கள் காலில் இரத்த நாளம் சுருண்டு புடைக்கிறது. மணிக்கு ஒரு தரம் குதிகளை 15 தரம் உயர்த்தி இறக்குங்கள்.

ஊழியர் நலம் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் ஒருவரும் வாயே திறக்காத இன்னொன்று மலசலகூடம். பூட்டுப் போட முடியாத, தண்ணீர் வராத மலசலகூடம் இருக்கிற இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். காலை 5 மணிக்கு வீட்டில் குடித்த தேநீரோடு மாலை வரை இருக்கிறார்கள். பிறகு சிறுநீர்த் தொற்று, தலையிடி. சோளகம் வீசுகிற மாதங்களில் இந்த வெக்கையில் இது எவ்வளவு கொடுமை! உடல்நலத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தால், ரீ சேர்ட் அடிப்பதற்கு முன் அந்தக் கதவுக்கு ஒரு கொண்டி போடுங்கள். குடிக்க நல்ல தண்ணீர் வையுங்கள்.

தண்ணீர் என்றதும் குளிசையையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு விழாவுக்கு அடுத்த நாள் பாமசியில் டைக்குளோபினாக் வாங்கி ஒரு கிழமை விழுங்குகிறவர்கள் நிறைய. உடம்பில் நீர் வற்றிய நிலையில் இந்த வலிக் குளிசைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். காரணம் முழுதாகத் தெளியாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தில் எத்தனை வீடுகளைத் தின்றிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வைத்தியரைக் கேட்காமல் வாங்கி விழுங்காதீர்கள்.

இன்னும் ஒன்று. அலுவலகத்தில் செயற்கைக் காலோடு வேலை செய்பவர் இருப்பார். விளையாட்டு விழாவில் அவரை மேசையில் இருத்திப் பெயர் வாசிக்க விடுகிறார்கள். அவருக்கும் இதயம் இருக்கிறது, சலரோகம் வரும். நல்ல காலில் சுமை கூடுவதால் அந்த முழங்கால் சீக்கிரம் தேயும். கதிரையில் இருந்தபடி கைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் செய்கிற பயிற்சிகள் இருக்கின்றன. அவரையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள், அது எங்கே இருக்கிறது என்று பயிற்சி தொடங்கும் முன் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தம் அந்தத் துண்டை அசைக்கலாம்.

அடுத்த வருட விழாவுக்கு இப்போதே ஆயத்தம் செய்கிறீர்கள் என்றால், குறைந்தது 12 கிழமைக்கு முன் தொடங்குங்கள். முதல் இரண்டு கிழமை நடை மட்டும். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு குதி உயர்த்துவது, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது, 10 தரமாக மூன்று சுற்று. மூன்றாவது மாதத்தில் மெல்லோட்டம். போட்டியை காலை 8 மணிக்கு முன் முடியுங்கள். அதிதி வரும் வரை வெயிலில் நிறுத்தி வைக்காதீர்கள். 40 தாண்டியவர்களுக்கு 100 மீற்றரும் கயிறிழுத்தலும் வேண்டாம். வேக நடை வையுங்கள். பதிவு செய்யும்போதே கேளுங்கள்: நடந்தால் நெஞ்சு இறுக்குமா? மயங்கி விழுந்ததுண்டா? பிரஷர் குளிசை எடுக்கிறீர்களா? ஆம் என்றால் முதலில் வைத்தியர். 35 தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் பிரஷரும் சீனியும் காசில்லாமல் பார்க்கிறார்கள். அலுவலகம் அரை நாள் லீவு கொடுத்தால் போதும். இடுப்பைச் சுற்றி அளவு நாடா வைத்துப் பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. தாண்டினால் கட்டாயம் போங்கள். மைதானத்தில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால் சோடா கொடுத்து விசிறாதீர்கள், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

அந்த அண்ணைக்கு இனிச் சத்திரசிகிச்சை. பழையபடி நடக்க ஒரு வருடம் வரை எடுக்கலாம். இடது கால் என்பதால் மோட்டார் சைக்கிளில் கியர் மாற்ற முடியாது. மகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவது அவர்தான். இப்போது மனைவி முச்சக்கரவண்டிக்குக் காசு கொடுத்து அனுப்புகிறார். "இவ்வளவு நடக்கும் எண்டு ஆரும் சொல்லேல்லையே மிஸ்" என்றார்.

இதை வாசிக்கிற யாருக்காவது ஓடும்போது பின்னால் உதைத்தது போல இருந்தால், "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால், எண்ணெய் பூசாதீர்கள், தடவாதீர்கள், நடந்து பார்க்காதீர்கள். பாதத்தை அசையாமல் கட்டிக்கொண்டு அன்றைக்கே வைத்தியசாலைக்கு வாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று அனுப்பினால், "கெண்டைக்காலை ஒருக்கா அமத்திப் பாருங்கோ" என்று நீங்களே கேளுங்கள்.