1,400 கி.மீ. கூடுதல், 2 மணி நேரம் மிச்சம்

2016 அக்டோபரில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் ஒன்று வழக்கத்தை மாற்றிக் கிழக்கே திரும்பியது. அதுவரை மேற்கே போய், அட்லாண்டிக்கைத் தாண்டித்தான் அமெரிக்காவுக்குள் நுழைவார்கள். அது ஏறக்குறைய 13,900 கி.மீ. பசிபிக் வழியோ 15,300 கி.மீ. அளவுக்கு நீளம். ஆனாலும் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய வழியைவிட ஏறத்தாழ 2 மணி நேரம் குறைவு!

வகுத்துப் பாருங்கள்: சராசரி வேகம் மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. அந்த போயிங் 777 சாதாரணமாகப் பறப்பது 900 கி.மீ. வேகத்தை ஒட்டித்தான். மீதி வேகம் காற்று கொடுத்தது.

தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடும் காற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். வெப்பமான தெற்குக்கும் குளிர்ந்த வடக்குக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து உண்டாக்குவது அது. விமானம் நீந்துவது காற்றுக்குள். அந்தக் காற்றே நகரும்போது, தரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விமானத்தின் வேகம் கூடும் அல்லது குறையும். ஆற்றில் படகு போவது போலத்தான்.

‘பூமி சுற்றுவதால்தான் ஒரு பக்கம் சீக்கிரம் போகிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. நேரடியாக அப்படி இல்லை. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறதே!

சரி, போகும்போது தள்ளிவிடும் காற்று வரும்போது தடுக்கும், இரண்டும் நேராகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 7,200 கி.மீ. தூரம், விமான வேகம் 900 என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போக 8, வர 8, மொத்தம் 16 மணி. 100 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் பின்காற்றில் 7 மணி 12 நிமிடம், எதிர்காற்றில் 9 மணி. கூட்டினால் 12 நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம் என்பதே காரணம்.

இணையத்தில் இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் தூரம் சொல்லும் கணிப்பான்களுக்கு இந்தக் காற்றெல்லாம் தெரியாது. டெல்லி–சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 12,400 கி.மீ. என்று காட்டும். உருண்டையில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறைந்த தூரம் அது. அந்த நூல் சைபீரியாவைக் கடந்து ஆர்க்டிக் கடலுக்கு மேலே போகும். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவர்களுக்கு இது நம்பவே முடியாததாக இருக்கும். கணிப்பான் அந்தத் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணியைச் சேர்த்துவிடும். டிக்கெட்டில் இருப்பது வேறு கணக்கு: ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடக்கம்.

இன்னொன்று. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து திரும்பும்போதும் பின்காற்றே வேண்டும் என்றால் மறுபடியும் கிழக்கேதான் பறக்க வேண்டும், இந்த முறை அட்லாண்டிக் வழியாக. டெல்லியில் இறங்கும்போது அந்த விமானம் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்திருக்கும்.