சிக்னல் இல்லாத மலையிலும் வழி காட்டும் வரைபடம்

சிம் கார்டைக் கழற்றிவிட்டாலும் நீங்கள் நிற்கும் இடத்தைப் போன் கண்டுபிடித்துவிடும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சிக்னல் வந்துசேர்ந்த நேரத்தை ஒப்பிட்டு, போன் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. ரேடியோப் பெட்டியைப் போல அது கேட்க மட்டுமே செய்கிறது. கோளுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை.

நம்மைக் காட்டிக்கொடுப்பது வரைபடம்தான். ஆன்லைன் வரைபடத்தை விரலால் தள்ளத் தள்ள, அந்தந்தப் பகுதியைக் கேட்டு சர்வருக்குக் கோரிக்கை போகிறது. எந்த ஐபி முகவரியில் (இணைய இணைப்பின் அடையாள எண்) இருந்து, எத்தனை மணிக்கு, எந்த ஊரைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் அங்கே பதிவாகலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் போன்ற செயலிகளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடத்தின் தரவைப் பகுதி பகுதியாக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதன்பின் தேடலும் வழி கணக்கிடுவதும் போனுக்குள்ளேயே முடிந்துவிடும். எந்தப் பகுதியின் கோப்பை இறக்கினீர்கள் என்பது மட்டும்தான் வெளியே தெரியும்.

பலர் தடுமாறும் இடம் இனிமேல்தான். கோள்களின் சுற்றுப்பாதை விவரம் இல்லாமல் கணக்குப் போட முடியாது. இணையம் இருந்தால் போன் அதைச் சில விநாடிகளில் வாங்கிவிடும். இல்லையென்றால் கோளிடமிருந்தே வாங்க வேண்டும். அது விநாடிக்கு 50 பிட் வேகத்தில், 30 விநாடிக்கு ஒரு சுற்றாக வருகிறது. மரக்கிளையோ பாறையோ மறைத்து நடுவில் அறுந்தால், விட்டுப்போன பகுதிக்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். அடர்ந்த சோலைக்குள் போய் செயலியைத் திறந்தால், நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி வராமல் இழுத்தடிப்பது இதனால்தான். எனவே காட்டுக்குள் நுழையுமுன், வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் போனை அசைக்காமல் ஓரிரு நிமிடம் பிடியுங்கள். ஒருமுறை வாங்கிய விவரம் சில மணி நேரம் தாங்கும்.

எல்லை தாண்டும் பயணம் என்றால் இரண்டு பக்கத்துக் கோப்பும் வேண்டும். போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவர் தமிழ்நாட்டை மட்டும் இறக்கியிருந்தால், கணவாய்க்கு அப்பால் வழி கிடைக்காது. கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டு வைஃபையில் இறக்கிவிட்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டு முழு வழியையும் ஒருமுறை கணக்கிடச் சொல்லிப் பாருங்கள். குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டில் செயலிக்கு இருப்பிட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுங்கள். துல்லிய இருப்பிடம் இயக்கத்தில் இருக்கட்டும். தோராயமாக வைத்தால் ஒற்றையடிப் பாதையில் அது உதவாது. கூகுளின் 'இருப்பிடத் துல்லியம்' அமைப்பை அணைத்துவிடலாம். வைஃபை, செல் கோபுரங்களை வைத்து இடம் கணிக்கும் அந்தச் சேவை மலையில் பெரிதாகக் கைகொடுக்காது.

செங்குத்துப் பாறையை ஒட்டி நடக்கும்போது சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி, சுற்றிக்கொண்டு வரும். அம்புக்குறி பாதையை விட்டுத் தாவும். அப்போது அதன்பின் ஓடாமல், வெட்டவெளி வரும்வரை கண்ணெதிரே உள்ள பாதையையே பிடித்துப் போங்கள். வரைபடத்தில் புள்ளிக்கோடு இருப்பதாலேயே அந்தக் காட்டுப் பாதையில் நடக்க அனுமதி உண்டு என்று ஆகாது. அதை வனத்துறையிடம்தான் கேட்க வேண்டும்.