ஊட்டியில் இரண்டு நிமிடம் எவ்வளவு நேரம்?

தொட்டபெட்டா போகும் சாலையோரம் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம், “ரெண்டு நிமிஷத்துல ஆயிடுங்களாக்கா?” என்று கேட்டேன். அவர் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, “பாக்கெட்ல போட்டிருக்கறது கீழ்க் கணக்கு தம்பி. இங்க தண்ணி தளதளன்னு கொதிக்கும், ஆனா அந்தச் சூடு இருக்காது” என்றார். பள்ளிப் புத்தகம் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும் பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

உணவுப் பொருள்களின் விளம்பர வாசகங்களைச் சிலர் அப்படியே நம்புகிறார்கள். சிலர் எல்லாமே பொய் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. பல வாசகங்களை அடுப்பும் கடிகாரமும் வைத்து வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். மலையில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் வசதி உண்டு. பாக்கெட்டில் அச்சடித்த நேரமும் அளவும் பெரும்பாலும் சமவெளிச் சமையலறைக்கானவை. அந்தச் சமையலறையை விட்டு மேலே ஏறி வந்த பிறகும் ஒரு வாசகம் நிற்கிறதா என்று நம்மால் பார்க்க முடியும்.

முதலில் அந்த அக்கா சொன்ன சூடு. தண்ணீருக்குள் உருவாகும் ஆவிக் குமிழ்கள் மேலே அழுத்தும் காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியேறுவதைத்தான் கொதித்தல் என்கிறோம். உயரே போகப் போகத் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. அதனால் குமிழ்கள் குறைந்த சூட்டிலேயே கிளம்பிவிடுகின்றன. மேட்டுப்பாளையத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கிறது. 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் 94, கொடைக்கானலில் 93, ஊட்டியின் 2,240 மீட்டரில் 92.5 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். கொதிக்க ஆரம்பித்த பிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. கேஸ்தான் வீண்.

இந்த ஏழு டிகிரி உருளைக்கிழங்கையும் துவரம்பருப்பையும் ரொம்பவே பாதிக்கிறது. காய், பருப்பு வேகும்போது செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைய வேண்டும். சூடு கொஞ்சம் குறைந்தாலும் அந்த வேலை மந்தமாகிவிடும். குக்கர் வைத்தாலும் முழுக்கச் சரியாகாது. குக்கரின் வெயிட், வெளிக் காற்றின் அழுத்தத்தைவிட இவ்வளவு கூடுதல் என்றுதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. வெளி அழுத்தமே குறைவு என்றால் உள்ளேயும் அந்த அளவுக்குக் குறையும். கீழே குக்கருக்குள் 120 டிகிரி வரும் இடத்தில், ஊட்டியில் 116 வாக்கில்தான் வரும். பருப்புப் பாக்கெட்டில் ‘மூன்று விசில்’ என்று போட்டிருந்தால் இங்கே இன்னும் ஒன்றிரண்டு சேர்த்து வைக்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் ‘இரண்டு நிமிட நூடுல்ஸ்’ இங்கே எடுபடாது என்றுதான் நானும் நினைத்தேன். இந்த வாசகத்தை 1980களில் இந்தியாவில் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது மேகி. உடனடி நூடுல்ஸ் அதற்கும் முந்தியது. ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ 1958இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவருடைய யோசனையின் அழகு தயாரிப்பு முறையில் இருக்கிறது. மாவைத் தகடாக உருட்டி, இழைகளாக வெட்டி, முதலில் ஆவியில் வேகவைக்கிறார்கள். கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியைத் தாண்டினாலே தண்ணீரைக் குடித்து உப்பி வெந்துவிடும். அப்புறம் அந்த வெந்த இழைகளை 150 டிகிரி வாக்கில் சூடான எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் பொரிக்கிறார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் சட்டென்று ஆவியாகிப் பீறிட்டு வெளியேறும். அது வெளியேறிய வழியெல்லாம் நுண்ணிய துளைகளாக நின்றுவிடும். நூடுல்ஸை உடைத்து, உடைந்த முனையை வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். காய்ந்த பஞ்சு போலத் தெரியும்.

நம் அடுப்புக்கு வரும்போது அது ஏற்கெனவே வெந்த பண்டம். வெந்நீர் அந்தத் துளைகள் வழியாகத் திரும்ப உள்ளே போனால் போதும். அதற்கு 92 டிகிரியே தாராளம். ‘எண்ணெயில் பொரிக்காதது’ என்று எழுதிய வகைகளைக் காற்றில் உலர்த்துகிறார்கள். அவற்றில் துளைகள் குறைவு, அதனால் ஊற நேரமாகும். கொழுப்புக் குறைவு என்ற வாசகமும் வேகம் என்ற வாசகமும் ஒரே பாக்கெட்டில் சேர்வது கடினம் என்பதற்கு இந்தத் துளைகள்தான் காரணம்.

ஊட்டியில் எங்கள் வீட்டிலும் மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டிலும் ஒரே வகைப் பாக்கெட்டை ஒரே அளவு தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நூடுல்ஸைத் தண்ணீரில் போட்ட நொடியில் கடிகாரத்தைத் தொடங்கினேன். சித்தி வீட்டில் இரண்டு நிமிடத்தில் சாப்பிடும் பதம் வந்தது, நடுவில் கொஞ்சம் விறைப்பு இருந்தது. எங்கள் வீட்டில் அதே பதத்துக்கு இரண்டே முக்கால் நிமிடம் ஆனது. பருப்போடு ஒப்பிட்டால் இது சின்ன வித்தியாசம்.

பெரிய வித்தியாசம் அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. எங்கள் குழாயில் காலையில் வந்த தண்ணீர் 13 டிகிரி. கொதிக்க அது 79 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். மேட்டுப்பாளையத்தில் 29 டிகிரியில் தொடங்கி 70 டிகிரி ஏறினால் போதும். கொதிநிலை குறைவாக இருந்தும், மலையில் அதே அளவு தண்ணீரைக் கொதிக்கவைக்க எட்டில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. அந்தக் காத்திருப்பு எந்த ஊரிலும் ‘இரண்டு நிமிட’த்தில் சேராது. வாசகம் உண்மைதான். கடிகாரத்தை எப்போது தொடங்க வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. பசியோடு நிற்கும் பிள்ளைக்கு அந்த விடுபட்ட பகுதிதான் முக்கியம்.

அடுத்து தேன். மலைப்பாதை நெடுகிலும் ‘ஒரிஜினல் மலைத்தேன்’ என்ற பலகைகள் உண்டு. வாங்கிக்கொண்டு போகிற பலர், சில வாரங்களில் பாட்டிலின் அடியில் சர்க்கரை போல உறைந்ததைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். பாறை இடுக்குகளில் கொடி ஏணி கட்டித் தொங்கி எடுத்த குறும்பர் பழங்குடியினரின் தேனுக்கும் இந்தப் பழி விழுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். தேன் என்பதே அளவுக்கு மீறிச் சர்க்கரை கரைந்த நீர்மம். அதில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டு முக்கியச் சர்க்கரைகள் இருக்கின்றன. குளுக்கோஸ் தண்ணீரில் அவ்வளவு எளிதாகத் தங்காது, படிகமாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிய மிகத் தோதான சூடு 14 டிகிரி வாக்கில். ஊட்டி வீட்டு அலமாரியில் வருடத்தில் பாதி நாள் இந்தக் குளிர்தான்! படிகம் வளர மகரந்தத் துகள் போல ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும். நன்றாகச் சூடாக்கி நுணுக்கமாக வடிகட்டிய தேனில் அது குறைவு, அதனால் நெடுநாள் உறையாது. உறைந்ததைக் கலப்படம் என்று சொல்ல முடியாது. உறையாததைச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை வைத்தால் தேன் பழையபடி இளகிவிடும்.

‘தூய’ என்ற சொல்லை நாக்காலோ, தண்ணீர்ச் சொட்டுச் சோதனையாலோ கண்டுபிடிக்க வழியில்லை. ஆய்வகத்தில் கார்பனைப் பார்க்கிறார்கள். கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு, தேனீ தேடிப் போகும் பெரும்பாலான பூச்செடிகளின் முறை வேறு. கார்பனிலேயே சற்றுக் கனமான வகை ஒன்று உண்டு. கரும்புப் பாகு கலந்தால் அதன் விகிதம் மாறிக் காட்டிக்கொடுக்கும். நெல் பூச்செடிகளைப் போலவே கார்பன் எடுக்கும் பயிர். அரிசிப் பாகு இந்தச் சோதனையில் தப்பிவிடும், அதைப் பிடிக்க வேறு கருவிகள் வேண்டும். இதனால்தான் இப்படிப்பட்ட சொற்களுக்குச் சட்டம் தேவைப்படுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள், இயற்கை, தூய, புதிய, பாரம்பரிய என்பன போன்ற சொற்களை எந்தப் பொருளுக்குப் போடலாம் என்று வரையறுக்கின்றன. பெயரிலேயே அப்படி ஒரு சொல்லை வைத்திருந்தால், அது வெறும் வணிகப் பெயர், பொருளின் இயல்பைக் குறிப்பதல்ல என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். அந்த வரியைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தால் நல்லது.

கடைசியாக, நம் ஊர்ச் சரக்கான டீ. ‘குறைந்த தூள், அதிகக் கப்’ என்பது டஸ்ட் டீயைப் பொறுத்தவரை உண்மை. துகளின் அளவு பாதியானால் அதே எடைத் தூளுக்கு மேற்பரப்பு இரண்டு மடங்காகும். இலையாக இருந்தால் மெதுவாக இறங்கும் சாறு, தூளில் சட்டென்று இறங்கிவிடும். நம் தண்ணீரின் சூட்டுக் குறைவையும் அது ஈடுகட்டிவிடுகிறது.

‘ஒரு வாய் குடித்ததும் புத்துணர்ச்சி’ என்பதுதான் நுணுக்கமானது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. மூளைச் செல்களில் அதற்கென்று இருக்கும் ஏற்பிகள் என்ற இடங்களில் அது போய் உட்கார்ந்தால் அசதி வரும். காஃபீன் அதே இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், ஆனால் அசதியை மூட்டாது. இது வேலை செய்வது நிஜம். ஆனால் குடித்த காஃபீன் ரத்தத்தில் உச்சத்தைத் தொடப் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் வாயிலேயே முகம் மலர்கிறதே, அதைத் தருவது சூடும் மணமும் இனிப்பும், தினமும் குடித்து உடம்புக்குப் பழகிப்போன எதிர்பார்ப்பும்.

அளவும் முக்கியம். ஒரு கப் டீயில் 30 முதல் 50 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கும். ‘சிறகு தரும்’ என்று விளம்பரம் செய்த ரெட் புல்லின் 250 மில்லி டின்னில் 80, அதாவது ஏறக்குறைய ஒரு கப் காபி அளவு. காபியைவிட அதிகமாக ஊக்கம் தருவதாக நம்பவைத்தார்கள் என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். தவறு செய்யவில்லை என்று மறுத்த நிறுவனம், 2014இல் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கும்போது கிடைக்கும் சுகத்தை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. அந்த டீயின் காஃபீன் முழு வேகத்துக்கு வரும்போது பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி பர்லியாரை நெருங்கியிருக்கும், காதும் அடைத்துத் திறந்திருக்கும்.