மழைக்கோட்டுக்குள்ளேயே நனைவது ஏன்?

அலாஸ்காவின் தென்கிழக்குத் தீவுகளில் சிட்கா கருவால் மான் வேட்டை அக்டோபர், நவம்பரில் சூடு பிடிக்கும்போதுதான் மழையும் விடாமல் கொட்டும். அங்குள்ள கெட்சிக்கன் ஊரில் ஆண்டு மழை 3,500 மில்லிமீட்டருக்கும் மேல். 7 டிகிரி குளிரில் நனைந்த உடையோடு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கோட்டு ஒழுகுகிறதே என்று பலர் திட்டுவார்கள். பெரும்பாலும் அது ஒழுகியிருக்காது, உள்ளே இருப்பது அவர்களுடைய வியர்வைதான்.

1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது, அது நுண்துளைகள் நிறைந்த பொருளாக நீண்டது. மழைக்கோட்டின் வெளித்துணிக்கு உள்ளே ஒட்டப்படும் கோர்டெக்ஸ் சவ்வு பிறந்தது அப்படித்தான். அந்தத் துளைகள் மழைத்துளிக்கு மிகச் சிறியவை, நீராவிக்குத் தாராளம். ஆனால் நீராவி தானாக வெளியேறாது, உள்ளே அதன் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். வியர்த்த தோலை ஒட்டி அது சுமார் 50 மில்லிபார், வெளியே 7 டிகிரியில் காற்று முழு ஈரமாக இருந்தாலும் 10 தான். ஆக, மழைக்காற்றின் ஈரப்பதம் மட்டும் அதைத் தடுத்துவிடாது.

வில்லன் வேறு இடத்தில் இருக்கிறது. கோட்டின் வெளித்துணியில் ஒரு நீர்விலக்குப் பூச்சு உண்டு, புதிதில் மழை அதன்மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடும். சேறு, கைப்பிசுக்கு, அடுப்புப் புகை எல்லாம் படிந்ததும் துணி தண்ணீரைக் குடித்துக் கருத்துப்போகும். அப்போது வெளியே ஒரு குளிர்ந்த நீர்ப்படலம், அதை ஒட்டிய சவ்வும் ஏறக்குறைய அதே குளிர். வியர்வை நீராவி அங்கே வந்ததும் உள்பக்கமே தண்ணீராகிவிடுகிறது. அதனால் கோட்டைத் துவைக்கப் பயப்படாதீர்கள், துவைக்காமல் விடுவதுதான் கெடுதல்: மென்மையான திரவ சோப்பில் அலசி, துணி மென்மையாக்கி சேர்க்காமல், லேபிள் சொல்லும் சூட்டில் உலர்த்தினால் பூச்சுக்கு மீண்டும் உயிர் வரும். ஃப்ளோரின் இல்லாத புதிய பூச்சுகள் சூழலுக்கு நல்லவை, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைத் தள்ளாது, அவற்றை இன்னும் அடிக்கடி அலச வேண்டும்.

சரி, எதை வாங்குவது? மான் வரட்டும் என்று சதுப்போரம் உட்கார்ந்திருப்பவருக்கு மீனவர்கள் போடும் ரப்பர், பி.வி.சி. கோட்டே போதும் என்பேன், வியர்வையே குறைவு என்றால் ஆவியை வெளியேற்றும் சவ்வுக்கு என்ன வேலை? செங்குத்தான சரிவில் ஏறுகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட வியர்க்கலாம், எந்தச் சவ்வும் அதைச் சமாளிக்காது. அக்குளில் ஜிப் வைத்த கோட்டு வாங்குங்கள், ஏறும்போது திறந்துவிடுங்கள், மழை லேசாக இருந்தால் கோட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கம்பளிச் சட்டையோடே ஏறுங்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கதகதப்பாக இருக்கும். பருத்தி வேண்டவே வேண்டாம்.

கால்சட்டையில்தான் உண்மையான சோதனை. 70 கிலோ ஆள் 70 சதுர சென்டிமீட்டர் முழங்காலில் மண்டியிட்டால், அந்த இடத்தில் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். துணி எத்தனை உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதை லேபிள் சொல்லும்: அதில் 5,000 மில்லிமீட்டர், அதாவது 5 மீட்டர், என்று போட்டிருந்தால் முழங்கால் நனையும், 20,000 இருப்பதைப் பாருங்கள்.

அப்புறம் சத்தம். கடையிலேயே கோட்டைப் போட்டு, துப்பாக்கியைத் தோளில் ஏற்றுவதுபோல் கையைத் தூக்கிப் பாருங்கள். துணி சரசரத்தால் மானுக்கு அது கேட்கும், மணிக்கட்டுப் பட்டை இறுக்கமாக இல்லாவிட்டால் தூக்கிய கை வழியே மழை முழங்கை வரை இறங்கும். இரண்டில் ஒன்று நடந்தாலும் வேறு கோட்டைப் பாருங்கள்.