ஐக்கியம்: சொல் விளக்கம்

"போன வாரம் ஐக்கியத்துக்கு வரலையே?" என்று கிறிஸ்தவ சபையில் கேட்டால், கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று பொருள். சொல்லின் பிறப்போ வேறு. வடமொழியில் 'ஏக' என்றால் ஒன்று. அதிலிருந்து வந்தது 'ஐக்ய', ஒன்றாயிருக்கும் நிலை. சைவர்கள் இறைவனோடு இரண்டறக் கலப்பதையும் ஐக்கியம் என்றே சொல்வார்கள்.

வேதாகமத்தில் 1 யோவான் 1:3இல் 'ஐக்கியம்' என்று நாம் வாசிப்பது கிரேக்கத்தில் 'கொய்னோனியா'. வேர் 'கொய்னோஸ்', அதாவது பொது. இங்கே இரண்டறக் கலப்பதில்லை; கூட்டுச் சேரும் இருவரும் இருவராகவே இருப்பார்கள். வலையும் தொழிலும் பொது. வலை என்று சும்மா சொல்லவில்லை. லூக்கா 5:10இல் யாக்கோபும் யோவானும் மீனவரான சீமோனுக்குக் 'கூட்டாளிகள்'. அங்கே மூலத்தில் இதே வேர்ச்சொல்தான். மீன் பாரத்தில் வலை கிழிகிறது, கை காட்டிக் கூப்பிடுகிறார்கள், அடுத்த படகு வருகிறது, இரண்டுமே அமிழும் அளவுக்கு நிரம்புகிறது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த உதவிப் பணமும் ரோமர் 15:26இல் கொய்னோனியாவே.

அப்போஸ்தலர் 2:42இல் வரும் கொய்னோனியாவைப் பழைய மொழிபெயர்ப்பு 'அந்நியோந்நியம்' என்கிறது. நேர்ப்பொருள் 'ஒருவருக்கொருவர்'. நல்ல சொல், கணவன் மனைவி நெருக்கத்தோடு ஒதுங்கிப்போனது பாவம். சீஷன், அதாவது இயேசுவின் சீடன், வளர்வது இந்த 'ஒருவருக்கொருவர்' நடக்கும் இடத்தில்தான்: ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது (கலாத்தியர் 6:2), குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவது (யாக்கோபு 5:16). நான் தனியே எத்தனை அதிகாரம் வாசித்தாலும், "நேற்று அவரிடம் நீங்கள் பேசியது சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'நட்புறவு' என்கிறது. இதமான சொல், ஆனால் பாரம் சுமக்கும் தொனி அதில் குறைவு. 'தோழமை'க்கும் அதே குறை. பொருளில் மிக நெருங்குவது 'கூட்டுறவு'. கேட்டதும் சங்கமும் கடனும் நினைவுக்கு வரும் என்பது உண்மைதான். வரட்டுமே, பணமும் பொறுப்பும் மூலச்சொல்லுக்கு அந்நியமல்ல. வழக்கில் ஊன்றிவிட்ட 'ஐக்கிய'த்தை மாற்றச் சொல்லவில்லை; பொருள் கேட்பவருக்கு நான் லூக்காவின் 'கூட்டாளி'யைத்தான் காட்டுவேன்.