தொட்டியை அலசினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்

டெங்குக் காய்ச்சல் பரவும் காலத்தில் வீடுவீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்வையிடும் சுகாதார ஆய்வாளர் என்ற முறையில் நான் அடிக்கடி கேட்கும் பதில், "எங்கள் வீட்டில் சாக்கடையே இல்லை, எல்லாம் நல்ல தண்ணீர்தான்" என்பது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடி வருவதே அந்த நல்ல தண்ணீரைத்தான்.

சில நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே குழாயில் தண்ணீர் வரும் தெருக்களில் அண்டா, டிரம், சிமென்ட் தொட்டி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்காமல் குடும்பம் நடத்த முடியாது. அதைக் குறை சொல்வதில் நியாயமும் இல்லை. சுத்தம் செய்யும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. பெரும்பாலானோர் பழைய நீரைக் கொட்டி, ஒரு செம்பு நீரால் அலசிவிட்டு மீண்டும் நிரப்புகிறார்கள். ஆனால் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள ஈரமான உட்சுவரில்தான் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் கரித்தூள் படிந்தாற்போல் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அலசும் நீரில் அவை பெயர்வதில்லை. தொட்டி காய்ந்து கிடந்தாலும் பல மாதங்கள் உயிர்தாங்கி, மறுபடி நீர் ஏறியதும் பொரிகின்றன. அப்புழுக்கள் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களுக்குள் கொசுக்களாகிப் பறந்துவிடும்.

ஆகவே வாரம் ஒருநாள், தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ, பிளீச்சிங் பவுடர் போட்டு, விளிம்பிலிருந்து அடிவரை உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். புழு உள்ள நீரைச் சாக்கடையில் விடாமல் வெயில் படும் மண்தரையில் ஊற்றுங்கள். நீர் வற்றியதும் புழுக்கள் செத்துவிடும். சரியாகப் பொருந்தாத மூடியைவிட, பழைய வேட்டியை இழுத்துக் கட்டுவது எவ்வளவோ மேல். முற்றத்து ஆட்டுக்கல், டயர், சிரட்டை ஆகியவற்றைப் பலரும் கவனித்துவிடுகிறார்கள். பிரிட்ஜின் பின்புறம் அடியில் நீர் தேங்கும் தட்டு ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரிவதில்லை.

வாரந்தோறும் காலி செய்ய முடியாத பெரிய தொட்டிகளில் எங்கள் பணியாளர்கள் அபேட் மருந்தை அளவாக ஊற்றுகிறார்கள். "மருந்து ஊற்றியாயிற்றே, இனிக் கழுவ வேண்டாம்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அந்த மருந்து நீரிலுள்ள புழுவைத்தான் கொல்லும். சுவரில் ஒட்டிய முட்டையை ஒன்றும் செய்யாது.